தெற்கறைச் சுவரின் வெள்ளைக் கோடுகள்

1

ஊரில் என்னோடு படிப்பித்த சிநேகிதி ஒருத்தி போன மாதக் கடிதத்தின் கடைசியில், தாளில் இடம் மிஞ்சியதால் எழுதியதுபோல, ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "அங்கே எல்லாம் பலகை வீடுகளாமே. மரம் குளிரைத் தாங்குமா?"

இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "தாங்கும்" என்று எழுதிக் கிழித்தேன். "தாங்காது" என்று எழுதி அதையும் கிழித்தேன். இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்ல ஒரு வான்கடிதம் போதாது. அதனால்தான் இந்தக் குறிப்புகள். குளிர் தேசத்துக்குப் பிள்ளையோடு புறப்பட ஆயத்தமாகும் தாய்மார் யாராவது வாசித்தால், நான் செய்த பிழையை அவர்கள் செய்யாமல் இருக்கலாம்.

நாங்கள் நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரில், த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் இருக்கிறோம். இந்த வீட்டில் பால் காய்ச்சி நேற்றோடு இரண்டு வருடம். வீட்டில் மூன்று பேர். என் கணவர் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் கீறியவர். இங்கே புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் கொட்டகையில் வேலை. மகள் ஆரணிக்கு ஐந்தரை வயது. நான் வீட்டைப் பார்க்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் எங்கள் பயம் முழுவதும் ஆரணியின் மூச்சைப் பற்றியதாக இருந்தது. சுவரைப் பற்றி இவ்வளவு எழுதப் போவதற்கு எனக்கு வேறு காரணம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நான் சுவரை நினைத்ததே கிடையாது. எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றேகால் அடி தடிப்பு. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தது, பின்வளவில் ஷெல் விழுந்து, சமைக்கும் குசினியின் மூலை பிளந்த அன்றுதான். வெளியே சுண்ணாம்பு, உள்ளே கல், அதற்கும் உள்ளே கல். இடிந்த நிலையிலும் அந்தச் சுவர் தன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

இங்கே சுவர் என்பது ஒரு பெட்டி. வெளியே பலகை, உள்ளே ஜிப்சம் என்கிற சுண்ணப்பலகை, நடுவில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நிற்கும் மரச் சட்டங்கள். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே குளிரை மறிக்கக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அது கட்டாயம். எங்களுடையது அதற்கு முந்தியது. ஆனால் வீடு விற்ற முகவர் தந்த தாளில் "சுவர்களுக்குக் குளிர்காப்பு உண்டு" என்று அச்சடித்திருந்தது. என் கணவர் அதைக் கோப்பில் குத்தி வைத்தார். தாளில் இருப்பதை நம்புவது இவருடைய தொழில்.

2

வந்த முதல் நாளே யாருக்கு எந்த அறை என்று நான்தான் தீர்மானித்தேன். ஊரிலிருக்கும் மாமி, இவருடைய தாய், கடிதத்தில் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. வடகிழக்கு மூலை அறையில் பெரிய ஜன்னல் இருந்தது. ஈசானிய மூலை என்று கண்டதும், இரண்டாவது யோசனை இல்லாமல் அங்கே பிள்ளையார் படத்தையும் முருகன் படத்தையும் மாட்டிச் சாமியறை ஆக்கினேன். பின்பக்கத்தில், தெற்கே, நீளமாக ஒரு சின்ன அறை. வெயில் படாத, அமைதியான அறை. பிள்ளைக்கு அதுதான் சுகம் என்று நினைத்தேன். ஊரில் நாங்கள் அப்படித்தான் நினைப்போம். வெயில் ஏறாத பக்கத்தில்தான் தொட்டில் கட்டுவோம்.

பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கு வானத்தால் போகும் என்று ஏழாம் வகுப்புக்குப் படிப்பித்தவள் நான். கரும்பலகையில் உருண்டை கீறி, அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். சோதனையில் மாற்றி எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டியும் இருக்கிறேன். அந்த உருண்டையின் கீழ்ப்பாதிக்கு நானே வந்து இறங்கியபோது, அது வேறொரு பூமி போலிருந்தது.

அப்படித்தான் எங்கள் வீட்டில் காலை வெயில் முழுவதும் சாமிக்குப் போனது. ஆடி மாதத்தில்கூட, நடுக்குளிர் காலத்தில்கூட, பிள்ளையாருக்கு எட்டு மணிக்கு வெயில் வரும். ஆரணியின் அறைக்கு வருடம் முழுவதும் வெளிச்சம் மட்டும்தான், வெயில் இல்லை.

3

முதல் குளிர்காலத்தில் இருமல் வந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் இழுப்பு. மாலை ஆனதும் நெஞ்சுக்குள் யாரோ துருப்பிடித்த பிணைச்சலில் ஆடும் கதவை மெதுவாகத் திறப்பது போல ஒரு சத்தம். டொக்டரிடம் கொண்டுபோனபோது "இழுக்கிறது" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். யார் பிள்ளையை இழுக்கிறார்கள் என்று அவர் மரியாதையாகக் கேட்டார். ஆரணி என்னைத் திருத்தி, அதற்குரிய ஆங்கிலச் சொல்லை, 'வீஸ்' என்று, அவருக்குச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய வகுப்பில் இன்னும் நான்கு பேருக்கு அது இருக்கிறதாம். அவளுக்கு அந்தச் சொல் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த மூச்சுச் சத்தத்துக்கு அவளிடம் தமிழ்ச் சொல்லே இல்லை.

டொக்டர் இன்ஹேலர் என்கிற ஊதும் மருந்து தந்தார். வீடு ஈரமா என்றும் கேட்டார். "இல்லை, குளிர்காப்பு உள்ள வீடு" என்றேன். தாளில் இருந்ததைச் சொன்னேன்.

ஊதும் மருந்தோடு நான் எங்கள் மருந்தையும் சேர்த்தேன். ஒவ்வொரு பின்னேரமும் பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, யூக்கலிப்டஸ் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அவளுடைய கட்டிலிலேயே இருத்தி, போர்வையால் மூடி ஆவி பிடிப்பித்தேன். வேர்த்த உடம்பில் குளிர்காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலை இறுக்கிப் பூட்டினேன். கதவுக்குக் கீழே துவாய் சுருட்டி வைத்தேன். ஆவி முடிந்தபின் அந்த அறை ஊரின் மாரிகாலக் குசினி போல வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்ச நேரம் ஆரணி நன்றாக மூச்சு விடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பி ஒரு குளிர்காலம் முழுவதும் இதைச் செய்தேன்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பூஞ்சணம் வந்தது. முதலில் மிளகுத்தூள் சிந்தியது போல. பிறகு உள்ளங்கை அளவு. பிளீச் போட்டுத் துடைத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது, போன தடவையைவிடக் கொஞ்சம் மேலே. பிள்ளை நித்திரையில் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் நான் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

நூலகத்தில் பிள்ளைக்குப் படப் புத்தகம் எடுக்கப் போன இடத்தில் வீட்டுச் சுவர்கள் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைத்தது. சனிக்கிழமை காலை, இவர் தேநீர் குடிக்கும்போது கேட்டேன்.

"என்னப்பா, குளிர் மறிக்க மரம் நல்லதோ, பஞ்சு நல்லதோ?"

"மரம் என்ன கூடாததே? அகப்பைக் காம்பு மரந்தானே. கொதிக்கிற குழம்பைக் கிண்டேக்க உமக்குக் கை சுடுதே?"

"சுடேல்ல. ஆனா இதில போட்டிருக்கு, பஞ்சுக்குள்ளால போறதைவிட மூண்டு மடங்கு சூடு மரத்துக்குள்ளால போகுமாம்."

"அது சரிதான். இரும்போட பாத்தா மரம் தெய்வம். பஞ்சோட பாத்தா மரம் ஓட்டை." கையில் இருந்த கடித உறையின் பின்பக்கத்தில் சுவரை வெட்டிப் பார்த்ததுபோல ஒரு படம் கீறினார். சட்டம், பஞ்சு, சட்டம், பஞ்சு. இப்படிக் கீறக் கிடைத்தால் இவருடைய முகமே மாறிவிடும். "பஞ்சு அடைச்ச சுவரில சட்டம் நிக்கிற இடந்தான் குளிர்ந்து போகும். அந்த இடத்திலதான் முதல் ஈரம் பிடிக்கும். ஊத்தையும் பிடிக்கும்."

அப்போதுதான் சாமியறைச் சுவர் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடச் சாம்பிராணிப் புகையும் கற்பூரப் புகையும் அந்த வெள்ளைச் சுவரில் ஒரே சீராகப் படியவில்லை. மேலிருந்து கீழாக, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மெல்லிய சாம்பல் நிறக் கோடுகள் விழுந்திருந்தன. நான் சரியாகத் துடைக்காததால் வந்தவை என்று வெட்கப்பட்டு, விருந்தினர் வரும்போது கதவைச் சாத்தி வைத்திருந்தேன். இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

இவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கோட்டின் மேல் தட்டினால் இறுகிய சத்தம். கோட்டை விட்டு விலகினால் பொள்ளல் சத்தம். "பாத்தீரே? கோடு விழுந்த இடமெல்லாம் சட்டம். குளிர்ந்த இடத்தில புகை ஒட்டியிருக்கு. அப்ப இடையில பஞ்சு இருக்கு. தாளில போட்டது பொய்யில்லை."

இவருக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நான் ஆரணியின் அறைக்குப் போனேன். கட்டிலை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். பிறகு இவரைக் கூப்பிட்டேன்.

அந்தச் சுவர் சாமியறைச் சுவருக்கு நேர் தலைகீழாக இருந்தது. பூஞ்சணம் அகலமான கறுப்புப் பத்தைகளாகப் பிடித்திருந்தது. பத்தைகளுக்கு நடுவே, மேலிருந்து கீழாக, சுத்தமான வெள்ளைக் கோடுகள். எத்தனையோ தடவை துடைத்த சுவர். அந்தக் கோடுகளை நான் ஒருநாளும் காணவில்லை. கறுப்பை மட்டுமே கண்டிருந்தேன்.

இவர் வெள்ளைக் கோட்டில் தட்டினார். இறுகிய சத்தம்.

"இதிலதான் சட்டம் நிக்குது," என்றார்.

"அப்ப இந்தச் சுவரில சட்டந்தான் சூடு."

"ம்."

"ஓட்டை எண்டு சொன்ன மரந்தான் இஞ்ச திறமெண்டா, இடையில என்னப்பா இருக்கு?"

இவர் கறுப்பின் மேல் ஒரு தடவை தட்டினார். கடித உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

5

திங்கட்கிழமை ஆரணியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். வீட்டின் பழைய வரைபடத்தைப் பார்க்கலாம் என்று இவர் சொல்லியிருந்தார். ஒரு படிவம். அதில் குடும்பப் பெயர், முதற் பெயர். வீட்டுப் பத்திரத்தில் இவருடைய தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகவும், என் கடவுச்சீட்டில் இவருடைய பெயர் குடும்பப் பெயராகவும் இருந்ததால், நாங்கள் ஒரே வீட்டுக்காரர் என்று நிரூபிக்க அரை மணித்தியாலம் போனது. கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். கோப்பை விரித்து என் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வோர் அறையாகக் காட்டினாள்.

தெற்கு அறை அதில் இல்லை. அந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, திறந்த விறாந்தை என்று எழுதியிருந்தது.

யாரோ முன்னாள் சொந்தக்காரர் விறாந்தையைத் தானே அடைத்து அறையாக்கியிருக்க வேண்டும், அனுமதி எடுத்ததாகத் தெரியவில்லை என்றாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள், அங்கே யாராவது படுக்கிறார்களா?

ஊரில் சோதனைச் சாவடியில் நின்ற பழக்கம் எனக்கு. அதிகாரி ஒருவர் பேனாவோடு கேட்டால், வீட்டில் எத்தனை பேர், எங்கே படுக்கிறார்கள் என்பதற்கு உண்மையைச் சொல்லும் முன் வாய் தானாக வேறொன்றைச் சொல்லிவிடும். "இல்லை, சாமான் வைக்கிறோம்" என்றேன். அவள் தலையாட்டி எதையோ எழுதினாள். வெளியே வந்து பேருந்துத் தரிப்பில் நின்றபோதுதான் யோசித்தேன். ஒருவேளை உதவி செய்யத்தான் கேட்டாளோ? திரும்பிப் போய்ச் சொல்லலாமா? சொன்னால் அறையை இடிக்கச் சொல்வார்களா, பிள்ளையை அங்கே படுக்கவிட்டதற்கு என்னைக் கேள்வி கேட்பார்களா? பேருந்து வந்தது. ஏறிவிட்டேன்.

அரசாங்கத்தின் தாளில் இல்லாத ஓர் இடத்தில் என் பிள்ளை இரண்டு குளிர்காலம் மூச்சு விட்டிருக்கிறாள்.

6

அடுத்த சனிக்கிழமை முற்பகல், சுவரைத் திறந்து பார்க்கச் சொல்லி இவர் கூப்பிட்டதால் சேவியர் அண்ணை வந்தார். மன்னார்க்காரர். நியூ லின் பக்கத்தில் வீடு கட்டும் ஒருவரிடம் தச்சு வேலை செய்கிறார். கட்டிலை முற்றாக அப்புறப்படுத்திவிட்டு, தலைமாட்டு உயரத்தில் சுவரில் ஒரு சதுரம் கீறி, மரம் அறுக்கும் வாளால் அறுத்தார். சுண்ணப்பலகை ஈரமான பாண்ரொட்டித் துண்டு போலக் கழன்று வந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. இருட்டு, இரண்டு சட்டம், அவற்றுக்கு அப்பால் வெளிப்பலகையின் பின்பக்கம். அதில் ஓர் ஆணித் துளை. துளையால் பின்வளவு வெளிச்சம் ஊசி போல உள்ளே வந்துகொண்டிருந்தது. பலகையின் பின்பக்கம் முழுவதும் வேர்வைத் துளிகள். என் பிள்ளையின் தலைக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருந்தது இவ்வளவுதான்.

சேவியர் அண்ணை அடிச்சட்டத்தில் திருப்புளியால் குத்தினார். அது சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது.

"மரத்தில பிழையில்லை. மரம் தன்ர பாட்டில நிண்டிருக்கும்," என்றார். "நனைஞ்ச மரந்தான் ஒண்டுக்கும் உதவாது. இவ்வளவு தண்ணி எங்கால? கூரை ஒழுகுதோ?"

கூரை ஒழுகவில்லை. நான் ஆவிச் சட்டியைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலைப் பூட்டியதையும் சொன்னேன்.

"எடி ஆத்தே! அப்ப தண்ணி வாத்தது நீங்கள்தான், தங்கச்சி." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "சும்மா பகிடிக்குச் சொன்னனான். ஆர் செய்யேல்ல? என்ர மனுசியும் எங்கட பிள்ளையளுக்கு அப்பிடித்தான் பிடிக்கிறவ. ஆவி கல்லுச் சுவருக்குச் சரி. இதுக்குள்ள போனா வழி தெரியாமல் நிண்டிடும்."

பிறகு தேநீர் குடித்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் சாமியறை வாசலில் நின்றுவிட்டார். வெயில் நிலமெல்லாம் விழுந்து கிடந்தது.

"நல்ல வேலை செய்திருக்கிறியள். சாமிமார் வெயில் காயினம், பிள்ளை பின்னுக்குக் கிடந்து நடுங்குது!"

இவருக்கு அது பிடிக்கவில்லை. "உது ஈசானிய மூலை, அண்ணை."

"இருக்கட்டும் தம்பி. நாங்கள் கும்பிடுற மாதா ரெண்டு வருசமா கராஜுக்குள்ளதான் இருக்கிறா. அவ ஒண்டும் சொல்லேல்ல. இடம் வந்தா உள்ளுக்குக் கூப்பிடுவன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

இவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரமே, குளித்து, விளக்கேற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, படங்களைக் கழற்றினேன். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்தத்தான் வேணுமே?" என்றார் ஒரு தடவை.

"நீங்கள் சொல்லுங்கோ, வேண்டாமெண்டு. நான் நிப்பாட்டுறன்."

இவர் வந்து முருகன் படத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

7

இப்போது சாமி நடைவழித் தட்டில் இருக்கிறது. தெற்குச் சுவருக்குள் பஞ்சு அடைத்து, அடிச்சட்டத்தை மாற்றி மூடியாகிவிட்டது. அந்த அறையில் உண்மையாகவே சாமான்தான் வைத்திருக்கிறோம். ஆவிச் சட்டியை எடுப்பதில்லை. ஆரணி வடகிழக்கு அறையில் படுக்கிறாள். காலையில் வெயில் முகத்தில் விழ, "டூ பிரைட், அம்மா" என்று போர்வையை இழுத்து மூடுகிறாள்.

சிநேகிதிக்கு இப்போது பதில் எழுதலாம். மரம் குளிரைத் தாங்கும், கல்லையும் இரும்பையும்விட நன்றாகவே தாங்கும். பஞ்சு அதைவிட நன்றாகத் தாங்கும். சுவருக்குள் பஞ்சு இருந்தால் மரம் அதன் பலவீனம். பஞ்சு இல்லாவிட்டால் மரந்தான் அதன் ஒரே பலம். வீடு பார்க்கப் போனால் தாளை வாசிக்காதே, சுவரைத் தட்டிப் பார், கோடு எங்கே விழுந்திருக்கிறது என்றும் பார்.

இதை எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தெரிந்துகொண்டதை மறக்க முடியவில்லை. நல்ல சுவரிலும் ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம் நிற்கிறது. ஆரணியின் கட்டில் மூன்றடி அகலம். எப்படிப் போட்டாலும் ஒரு சட்டமாவது தலைமாட்டுக்கு நேரே வருகிறது. அளவுநாடாவை வைத்து நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தேன். "உமக்கு விசர் பிடிக்கப் போகுது," என்றார் இவர். "உந்தச் சின்னக் குளிருக்கு ஒண்டும் வராது." வராதுதான். தெரியும். ஆனாலும் கட்டிலைச் சுவரை விட்டு இழுத்து அறையின் நடுவில் போட்டிருக்கிறேன்.

போன முறை டொக்டர் பரிசோதித்துவிட்டு, இது ஆஸ்துமா என்று பெயர் சொன்னார். சுவரால் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். சுவரால் வரவில்லை என்றும் சொல்ல முடியாது என்றார். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்து வரச் சொன்னார். இழுப்பு வரும்போது எண்ணிக்கை கூடும் என்றார்.

காலையில் இவர் வேலைக்குப் போனபிறகு, அவள் எழும்ப முன்னர், மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலடியில் உட்கார்ந்து எண்ணுகிறேன். மூன்று நாட்களாக இருபத்திரண்டு. இன்று காலை இருபத்தாறு. பிழையாக எண்ணினேனோ என்று மறுபடியும் எண்ணினேன். இருபத்தேழு. அவள் கண்ணைத் திறக்காமலே ஆங்கிலத்தில், ஏன் அம்மா எண்ணுகிறாய் என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை, குஞ்சு. நித்திரை கொள்ளும்," என்றேன்.

அறை வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில், கீழ்விளிம்பில், மெல்லியதாக ஈரம் கோத்திருந்தது. எழுந்து போய் ஜன்னல் கொக்கியில் கை வைத்தேன். திறந்தால் குளிர் உள்ளே வரும். பூட்டி வைத்தால் அவள் விடும் மூச்சின் ஈரம் வெளியே போகாது. ஊரிலும் இங்கும் நான் படித்தது எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தபடி அங்கேயே நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வாய் தானாக எண்ணத் தொடங்கியிருந்தது.